ஃபுல்லிங் மில்: நிரப்பும் ஆலையா, துவைக்கும் ஆலையா?

பழைய ஐரோப்பியக் கம்பளித் தொழில் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ‘ஃபுல்லிங் மில்’ என்ற சொல் வந்துவிடும். சொல்லை மட்டும் பார்த்து ‘நிரப்பு ஆலை’, ‘முழுமையாக்கும் ஆலை’ என்று தமிழில் எழுதிவிடுவது எளிது. ஆனால் முழுமையைக் குறிக்கும் ‘ஃபுல்’லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது லத்தீனின் ‘ஃபுல்லோ’விலிருந்து வந்தது. கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, அழுக்கு நீக்கித் தடிப்பாக்கும் தொழிலாளியைத்தான் ரோமானியர் அப்படி அழைத்தார்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் இந்தத் தொழிற்கூடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆட்கள் தொட்டிக்குள் நின்று மிதிக்கும் காட்சி அங்கே ஓவியமாகவும் கிடைத்தது.

இங்கிலாந்தில் இதே வேலைக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். மூன்றும் இன்று குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. வாக்கர் என்றதும் ‘நடப்பவர்’ என்று நினைக்கிறோம். அவருடைய முன்னோர் நடந்தது ஈரத் துணியின் மேல்! ஜெர்மன் மொழியில் ஆலைக்கே ‘வால்க்மூலே’ என்று பெயர். வேர் அதே வேர்தான். வேல்ஸ் மொழியில் ‘பாண்டி’ என்றால் இந்த ஆலை. டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரில் ஒட்டியிருப்பது அந்தப் பாண்டி. நம் பாண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆலை என்ன செய்கிறது? தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடைபோல இருக்கும். நூற்பதற்கு வசதியாகத் தடவிய எண்ணெயோ வெண்ணெயோ இழைகளில் அப்படியே இருக்கும், பாவுக்குப் போட்ட பசையும் இருக்கும். இதையெல்லாம் எடுத்துவிட்டு, இழைகளை ஒன்றோடொன்று பின்னிப்பிடிக்க வைத்து, துணியைச் சுருக்கி, கெட்டியாக்க வேண்டும். ஊட்டியில் ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி, அட்டைபோல வருமே, அதுதான் ஃபுல்லிங். வீட்டில் அது விபத்து. ஆலையில் அதையே அளவறிந்து செய்தார்கள்.

கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டுக்கூரை வேய்ந்ததுபோல மேலே செதில்கள் தெரியும். செதிலின் விளிம்பு நுனியைப் பார்த்து நிற்கிறது. அதனால் ஈரத்தில் அழுத்தமும் அசைவும் சேரும்போது இழை வேர்ப்பக்கமாகத்தான் நகரும், திரும்பி வராது. சுணையுள்ள புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டால் தானாக மேலேறுமே, அந்தக் கணக்கு. சோப்பும் வெதுவெதுப்பும் வழுக்கலைக் கொடுக்க, அடி நகர்த்தலைக் கொடுக்கிறது. பருத்திக்கு இந்தச் செதில் கிடையாது. எத்தனை அடித்தாலும் வெளுக்குமே தவிர இப்படிப் பிணையாது.

நமக்கு இதற்கென்று தனிச்சொல் இல்லாமல் போனதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. பருத்தி நாட்டில் துணியை அடிப்பது பெரும்பாலும் வெளுப்பதற்கே. தமிழ் விவிலியத்தைப் பார்த்தால் இது புரியும். ஆங்கிலத்தில் ‘ஃபுல்லரின் சோப்பு’ என்று வரும் மல்கியா 3:2இல் தமிழ் ‘வண்ணாருடைய சவுக்காரம்’ என்கிறது. ஏசாயா 7:3இல் ஃபுல்லரின் வயல் ‘வண்ணார்துறை’ ஆகிறது. அந்த இடங்களில் பேச்சு வெண்மை பற்றியும் நீர்த்துறை பற்றியும் என்பதால் அது நல்ல தமிழாக்கம்தான். ஆனால் அதை நம்பி ஃபுல்லிங் மில்லை ‘சலவை ஆலை’ என்று எழுதினால் பாதிப் பொருள், அதுவும் முக்கியமான பாதி, தொலைந்துபோகும்.

கர்நாடகத்து ஆட்டிடையர்களான குருபர்களின் கம்பளி விறைப்பாக இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விறைப்பு பெரும்பாலும் புளியங்கொட்டைக் கஞ்சியால் வருவது. கஞ்சி நாளடைவில் தண்ணீரில் இறங்கிவிடும். ஃபுல்லிங்கில் வந்த தடிப்பு துணி கிழியும்வரை போகாது.

இந்த வேலைக்குத் தமிழில் ‘துவைத்தல்’ பொருத்தமான வினை என்பது எங்கள் முடிவு. இன்று அதற்குச் சோப்புப் போட்டு அலசுவது என்ற பொருள் மட்டும் மிஞ்சியிருப்பதுபோலத் தோன்றும். ஆனால் துவை என்றால் இடித்து நசுக்குவதும்தான். துவையலுக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. ‘மிதித்துத் துவைத்துவிட்டான்’ என்றால் யாரும் அழுக்கைப் பற்றி நினைப்பதில்லை. ‘துவைத்துத் தொங்கப்போட்டான்’ என்று சொல்கிறோமே, ஃபுல்லரின் வேலையின் இரண்டு கட்டங்களும் அதே வரிசையில் அதில் இருக்கின்றன. ஆகவே ‘கம்பளித் துவைப்பு’, ‘கம்பளித் துவைப்பு ஆலை’. முன்னால் ‘கம்பளி’ இல்லாவிட்டால் லாண்டரி என்று படிக்கப்படும். அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘ஆலை’யும் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கில ‘மில்’ மாவு அரைக்கும் இடமாக இருந்து எல்லா இயந்திரக் கூடத்துக்கும் பெயரானதுபோல, நம் ஆலையும் கரும்பு பிழியும் இடமாக இருந்து விரிந்த சொல்.

சரி, ஆலைக்குள் போவோம். வெளியே நீர்ச்சக்கரம். அதன் அச்சு சுவரைத் துளைத்து உள்ளே நீள்கிறது. அந்த அச்சில் கெட்டியான மரமுளைகள். அச்சு சுழலும்போது முளை ஒவ்வொன்றும் ஒரு பெரிய மரக் கொட்டாப்புளியின் வாலை அமுக்கி, அல்லது தலையைத் தூக்கி, விட்டுவிடும்; அது தன் எடையில் தொட்டிக்குள் விழும். பொதுவாக இரண்டு கொட்டாப்புளிகள் மாறிமாறி விழும். தொட்டியின் பின்சுவர் வளைவாக இருக்கும், கொட்டாப்புளியின் அடி படிப்படியாக வெட்டியிருக்கும். இது அழகுக்கு அல்ல. ஒவ்வோர் அடிக்கும் துணி மூட்டை அந்த வளைவில் ஏறிக் கொஞ்சம் புரள வேண்டும். வளைவும் அடியும் ஒத்துப்போகாவிட்டால் துணி புரளாது. ஒரே இடத்தில் அடி வாங்கி ஓட்டை விழும். தொட்டிக்குள் ஆணித்தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் கதை முடிந்தது.

வேலை நாட்பட்ட சிறுநீரில் தொடங்கியது. அதிலுள்ள அம்மோனியா எண்ணெயோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிறது. இதற்காக வட இங்கிலாந்தில் வீடுவீடாக வாளி வைத்துச் சேகரித்தார்கள். அடுத்து ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்ற களிமண்: எண்ணெயை உறிஞ்சிக்கொள்வது. சரே மாவட்டத்து நட்ஃபீல்டு, ரெட்ஹில் பக்கம் இதற்குப் பேர்போனவை. தோண்டிய மண்ணைக் காயவைத்து, நீரில் கரைத்து, சல்லடையில் வடித்த பிறகே தொட்டியில் விடுவார்கள், ஏனென்றால் ஒரு பருக்கைக் கல் அகப்பட்டாலும் கொட்டாப்புளியின் கீழே அது கத்தி. பிறகு தெளிந்த நீர் வரும்வரை அலச வேண்டும். மண் தங்கினால் அடுத்துப் போடும் சோப்பு வேலை செய்யாது, முடிந்த துணி தூசு கக்கும்.

அதற்குப் பிறகுதான் தடிப்பாக்கும் கட்டம், சோப்பும் வெதுவெதுப்பான நீரும். நீரின் அளவில்தான் கைத்திறன். அதிகமானால் துணி வழுக்கிக்கொண்டு நீந்தும், அடி பிடிக்காது; குறைந்தால் இழை அறுந்து பஞ்சாக உதிரும். கொட்டாப்புளியின் அடியாலேயே தொட்டி சூடாகும். சூட்டோடு சோப்பின் காரமும் கூடினால் கம்பளியின் உயிர் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஆலையை நிறுத்தி, துணியை வெளியே இழுத்து, உதறி, அகலவாட்டில் இழுத்து, வேறு மடிப்பில் திரும்பப் போட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் மடிப்பு மடிப்பாகவே பிணைந்துகொள்ளும். அந்தக் கோடு இஸ்திரிக்கும் போகாது, சாயத்திலும் மறையாது. கூடுதலாகத் துவைத்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. ஆகவே இழுக்கும்போதெல்லாம் அகலத்தை அளந்து பார்ப்பார்கள். தறியில் சுமார் 100 அங்குலம் அகலமாக நெய்த ‘பிராட்குளோத்’ என்ற அகலக் கம்பளித் துணி, முடியும்போது 60 அங்குலம் சுமாருக்கு வந்துவிடும். அந்த அகலத்துக்காகவே அதை இரண்டு நெசவாளர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தார்கள்.

கடைசியில் தொங்கப்போடுவது. மரச்சட்டத்தில் மேலும் கீழும் வளைந்த கொக்கிகள். ஈரத் துணியை ஓரம் ஓரமாக அவற்றில் மாட்டி, கீழ்ச்சட்டத்தை இறக்கி விறைப்பாக்கிக் காயவைப்பார்கள். இங்கே ஏமாற்றும் நடந்தது. அளவுக்கு மீறி இழுத்துக் காயவைத்து, கூடுதல் கஜம் என்று விற்பது. முதல் மழையில் சட்டை சுருங்கும். அரசாங்கம் இதைத் தடுக்கச் சட்டம்மேல் சட்டம் போட்டது.

காலால் மிதித்த வேலை எப்போது சக்கரத்துக்குப் போனது? இங்கிலாந்தின் பழைய எழுத்துச் சான்றுகள், டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவியர் சபையார் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கில் இருக்கின்றன: யார்க்‌ஷயரின் நியூசம் ஊரில் ஓர் ஆலை, காட்ஸ்வோல்டு மலைப்பகுதியின் பார்ட்டன் ஊரில் ஓர் ஆலை. பிரான்சின் நார்மண்டியில் ஒரு நூற்றாண்டு முன்பே சான்று உண்டு. வாருதல், நூற்றல், நெய்தல், துவைத்தல் என்ற நான்கில் துவைத்தல் ஒன்றுதான் அந்தக் காலத்திலேயே இயந்திரத்துக்கு மாறியது. மற்றவை மாற 18ஆம் நூற்றாண்டு ஆயிற்று. எல்லாரும் இதை வரவேற்கவில்லை. 1298இல் லண்டனில், துணியை ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற வெளியூர் ஆலைகளுக்கு அனுப்பித் துவைப்பதால் துணிக்காரருக்கும் நகரத் தொழிலாளருக்கும் நட்டம் என்று கட்டுப்பாடு வந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் சிக்கல் தலைகீழ்: மடாதிபதி தன் ஆலையில்தான் துவைக்க வேண்டும் என்றார், ஜனங்கள் வீட்டிலேயே மிதித்துக்கொண்டார்கள், முறையீடு அரசிவரை போய், கடைசியில் ஊரார் தோற்றார்கள். ஆலைக் கட்டணம் யார் பைக்குப் போகிறது என்பதுதான் சண்டை. இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸின் உயர்ரகத் துணிக்காரரோ, கொட்டாப்புளி மென்மையான இழையைக் கெடுக்கும் என்று பல தலைமுறைகள் காலையே நம்பினார்கள். அங்கே ஒரு துணிக்கு ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் சில நாள் மிதிக்க வேண்டும்.

1941இல் எலினோரா கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாய்வாளர் இந்த ஆலையை 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே எழுதினார். நீர்வேகம் இருக்கும் மலைப்பக்கத்துக்கு ஆலை போனதால் தொழிலும் நகரத்தை விட்டுப் போனது என்பது அவர் வாதம். கூலி மலிவும் நகரக் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாடு இல்லாததும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றே தோன்றுகிறது. துவைப்பு என்பது மொத்தச் செலவில் ஒரு பகுதிதான்.

1833இல் டிரோபிரிட்ஜ் ஊர் ஜான் டையர் உருளை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். துணியைக் கயிறுபோல முறுக்காமல் திரட்டி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஒரு குறுகலான பெட்டிக்குள் திணித்துத் தள்ளுவது, அடியே இல்லை. கொட்டாப்புளிகள் மெல்ல ஓய்ந்தன. லங்காஷயரின் ஹெல்ம்ஷோரில் 1789இல் கட்டிய ஆலையில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சொல்: ‘ஃபுல்லர்ஸ் எர்த்’தை உவர்மண் என்று எழுதுவது தவறு. வண்ணார் பயன்படுத்திய உவர்மண் சோடாக் காரம் உள்ளது. எண்ணெயோடு வினைபுரிந்து கரைப்பது. இது வினைபுரியாமல் உறிஞ்சும் களிமண். மளிகைக் கடையில் முகத்துக்குப் பூச வாங்குகிறோமே, முல்தானி மிட்டி, அதே வகைதான். எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் அது செய்வதைத்தான் அன்று கம்பளியில் செய்தது. ‘முல்தானி மிட்டி வகைக் களிமண்’ என்று எழுதினால் வாசகருக்கு உடனே புரியும்.