விரல் வலிக்குப் பந்து மருந்தல்ல

வீடியோ கேம் ஆடிக் கை வலி என்று என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். கல்லூரி மாணவர். நண்பர்கள் நான்கு பேராக ராக் பேண்ட் விளையாடுகிறார்கள். டிவியில் ஓடும் பாட்டுக்கு ஏற்ப பொம்மைக் கிடார், டிரம், மைக் வைத்துக் குழுவாக ஆடும் வீடியோ கேம் அது. இவருக்குப் பட்டன் வைத்த பிளாஸ்டிக் கிடார். இடது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் வீக்கம். பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. சட்டைப் பையில் ஒரு ஸ்பாஞ்ச் பந்து.

"கையில பலம் பத்தலைன்னு சொன்னாங்க மேடம், அதான் தினமும் இருநூறு தடவை அமுக்குறேன்."

யார் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ, கோபம்தான் வருகிறது. பிளாஸ்டிக் பட்டனை அமுக்க என்ன பெரிய பலம் வேண்டும்? பிரச்சினை பலத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 180 தாளம், ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு தட்டு என்றால் நிமிடத்துக்கு 720. நான்கு நிமிடப் பாட்டில் 2,880. பாதி பாட்டுதான் அந்த வேகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் பத்துப் பாட்டு ஆடினால் என்ன ஆகும்? உரசி உரசி வீங்கிய கைக்கு ஓய்வுதான் தேவை. அதன் மேல் இன்னும் இருநூறு அமுக்கு அமுக்கினால் வீக்கம் எப்படி வடியும்? பலப்படுத்தும் பயிற்சி உண்டு. அது வலி அடங்கிய பிறகு, சொல்லிக் கொடுப்பவரின் கண் முன்னால்.

அடுத்த முறை கிடாரையே கொண்டுவரச் சொன்னேன். வாசித்துக் காட்டினார். தோள்பட்டி தளர்ந்து தொங்கியதால் கிடாரின் எடை முழுக்க இடது உள்ளங்கையில். கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்ததில் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. பட்டியைச் சுருக்கினோம், பிடி தானாகவே இளகியது.

இன்னொன்றையும் பாருங்கள். டிவியில் படமோ ஒலியோ தாமதமாக வந்தால் சரியாகத் தட்டினாலும் தவறு என்று காட்டும். உடனே எல்லோரும் இன்னும் ஓங்கி அடிப்பார்கள். அந்தத் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி பெரும்பாலான விளையாட்டுகளின் அமைப்புகளிலேயே இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்.

தனியாக ஆடுபவர் வலித்தால் நிறுத்திவிடுவார். குழுவில் அப்படி இல்லை, தான் விட்டால் மொத்தப் பேரும் தோற்றுவிடுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். நான் பார்த்த மூவரும் இதைத்தான் சொன்னார்கள். அதனால் இடங்களை மாற்றிக்கொண்டே இருங்கள். கை வலிப்பவர் மைக்கைப் பிடித்துப் பாடட்டும். தோல்வியே இல்லாத முறை இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மூன்று பாட்டுக்கு ஒருமுறை எல்லோரும் கையைக் கீழே தொங்கவிட்டு எழுந்து நடங்கள்.

விரல் மரத்துப்போகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, கையிலிருந்து பொருள் நழுவுகிறதா? தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். எந்த விரல் மரத்தது என்று கவனித்து வாருங்கள். கட்டைவிரல் பக்கமா சுண்டுவிரல் பக்கமா என்பதை வைத்தே எந்த நரம்பு என்று பாதி தெரிந்துவிடும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டு முடிந்ததும் ஒருவர் கையை உதறுகிறார் என்றால், தயவுசெய்து அடுத்த பாட்டைத் தொடங்காதீர்கள். "வலிக்குதா?" என்று கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.