மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு, அரிச்சல்முனையில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. குடிசைகளுக்குப் பின்னால், மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. பார்த்தால் குழந்தைகள் விளையாட்டாகப் பறித்தது போல இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அதுதான் ஊத்து, குடிதண்ணீர் வரும் இடம்.

கம்பிப்பாடு பக்கம் ஒரு காலையில் அப்படி ஓர் ஊத்தின் அருகில் நின்றேன். அங்கிருந்து கடல் ஐம்பது அறுபது எட்டுதான் இருக்கும். அலைச் சத்தத்தில் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. வயதான அம்மா ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, சிரட்டையால் தண்ணீரைக் கலங்காமல் மொண்டு, குடத்தின் வாயில் கட்டியிருந்த துணியில் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சிரட்டை நீட்டினார். துளி உப்பு இல்லை. கொஞ்சம் மண் வாசனை, அவ்வளவுதான். ஆர்வம் தாங்காமல் நான் குழியைக் கையால் இன்னும் ஆழமாகப் பறிக்கப் போனேன்.

"போதும்யா தம்பி, ரொம்பத் தோண்டாத. அடியில படுத்திருக்கான், எந்திரிச்சிருவான்."

யார் என்று கேட்டேன்.

"உப்புத்தான், வேற யாரு?"

கடலோர நிலத்தடி நீரைப் பற்றிப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடத்தில் பாதி இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும். மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், எல்லாரும் சட்டென்று சொல்லும் பதிலை ஓரமாக வைத்துவிடலாம். "கடல்தண்ணி மணல்ல வடிகட்டி வருது, அதான் உப்பில்லை" என்பார்கள். நானும் பள்ளிக்கூடக் காலம் முழுக்க அப்படித்தான் நினைத்திருந்தேன். மணல் அழுக்கை வடிகட்டும், பாசியை வடிகட்டும், ஆனால் கரைந்த உப்பை வடிகட்டாது. மணல்மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்கை விட உப்பு அயனி பல்லாயிரம் மடங்கு சிறியது. இழுவலையை விரித்து வைத்துக் கொசு பிடிக்கிற கதைதான். சந்தேகம் இருந்தால், ஒரு வாளி மணலில் கடல்தண்ணீரை ஊற்றி, அடியில் ஓட்டை போட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். வேண்டாம், நாக்கில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் ஊத்தில் இருப்பது கடல்நீரே கிடையாது. அது மழை. போன ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை.

ராமநாதபுரத்துக்கு மழை என்றாலே சிரிப்பார்கள். மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார் அல்லவா, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ராமேஸ்வரம் தீவில் ஆறு கிடையாது. மணல்மேட்டில் விழுகிற மழை ஓடுவதற்கு இடம் தேடாமல் விழுந்த இடத்திலேயே உள்ளே போய்விடுகிறது. போனதும் மேல்மணல் வேகமாகக் காய்ந்து, அதுவே மூடி மாதிரி ஆகிவிடும். சித்திரை வெயிலில் காலை வைக்க முடியாமல் கொதிக்கிற மணலை ஒரு சாண் விலக்கினால் உள்ளே ஈரம் இருக்கும். காய்ந்த மணலின் வழியே ஈரம் மேலேறி வர முடியாததால், கீழே இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் ஆவியாவதில்லை.

சரி, உள்ளே போன மழைத்தண்ணீர் ஏன் கடலோடு கலந்துவிடுவதில்லை? சுற்றிலும் கடல். அடியிலும் கடல், ஏனென்றால் மணலுக்குள் கீழே போகப் போக ஊறியிருப்பது உப்புநீர்தான். இங்கேதான் எடை வருகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1.025 கிலோ. அந்த 25 கிராம் வித்தியாசம் போதும், நல்ல தண்ணீர் உப்புநீர் மேல் மிதக்க.

மிதப்பது என்றால் எண்ணெய் மாதிரி மெல்லிய படலமாக அல்ல, நாட்டுப்படகு மாதிரி. படகில் ஆள் ஏற ஏற அது அமிழ்கிறது. மேலே தெரிவதை விடத் தண்ணீருக்குள் இருப்பது கூடிக்கொண்டே போகிறது. மழைநீரும் அப்படியே உப்புநீரை அழுத்திக்கொண்டு கீழே இறங்குகிறது. எவ்வளவு இறங்கும்? ஒரு சின்னக் கணக்கு. 40 அடி உயரக் கடல்நீர்த் தூணின் எடையும் 41 அடி உயர நல்ல தண்ணீர்த் தூணின் எடையும் சமம் (40ஐ 1.025ஆல் பெருக்குங்கள், 41 வரும்). ஆக, நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை அதுவே இருக்கும். ஒன்றுக்கு நாற்பது. இதைக் கடைசியில் மறுபடி பார்க்கப் போகிறோம், நல்ல செய்தியாக அல்ல.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இருவர். நெதர்லாந்து ராணுவ அதிகாரி பாடோன் கைபன், 1880களின் கடைசியில். ஜெர்மனிக்காரர் ஹெர்ஸ்பெர்க், 1901ல், நோர்டர்னை என்ற மணல்தீவின் கிணறுகளை வைத்து. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இப்போது இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே அந்த விதியைச் சொல்கிறார்கள்.

நடுவில் தடித்து, இரண்டு கடல் பக்கமும் மெலிந்து, பூதக்கண்ணாடி வில்லை போல இருப்பதால் இந்த நீருக்கு நன்னீர் வில்லை என்று பெயர். நிலம் அகலமாக இருந்தால் வில்லை தடிக்கும். தனுஷ்கோடியோ ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்று இரண்டுக்கும் நடுவில் நீட்டிய மணல்நாக்கு. (வடக்கே அடங்கிக் கிடக்கும் பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். பெயர் வைத்தவர்கள் வடகிழக்குக் காற்று காலத்தில் பெண்கடல் போடும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை போலும்.) அதனால் அங்கே வில்லை ரொம்ப மெல்லிசு. மணலின் மேல்பகுதியில் நிற்கும் நீரை ஏடு எடுப்பது போல எடுக்க வேண்டும். முழங்கால் ஆழத்தில் நிறுத்திக்கொள்ளும் அந்த அம்மாவின் கைக்கு இது தெரியும்.

வீட்டில் செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர், இரண்டு கரண்டி உப்பு, கொஞ்சம் டிக்காஷன் விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, நல்ல தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். கீழே பழுப்பு, மேலே தெளிவு, நடுவில் கோடு போட்டது போல நிற்கும். ஆட்டினால் கலந்துவிடும். மணலுக்குள் ஆட்டுவதற்கு யாரும் இல்லை. அலையின் குலுக்கலை மணல்மணிகள் தடுத்துவிடுகின்றன. ஆனாலும் கடல் ஏறி இறங்கும்போது கொஞ்சம் அசையத்தான் செய்யும். அதனால் நிலத்தடியில் அந்தக் கோடு சுத்தமாக இருக்காது; கொஞ்ச தூரத்துக்குச் சவர்த்தண்ணீராகக் கலங்கித்தான் இருக்கும்.

இன்னொன்று, வில்லை சும்மா நிற்பதில்லை. நடுமேட்டிலிருந்து இரண்டு கரைக்கும் மெதுவாக நகர்ந்து, கடற்கரை ஓரத்திலும் கடலடியிலும் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கசிவுதான் உப்பை உள்ளே வரவிடாமல் தள்ளி வைத்திருக்கிறது. தங்கச்சிமடத்தில் விலூண்டி தீர்த்தம் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் சின்னப் பாலம் போட்டு, அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் கடல், கிணற்றில் குடிக்கிற தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுக்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தலபுராணம். நிலவியல் கண்ணோடு பார்த்தால், கரையின் நிலத்தடி நீர் கடலடி மணல் வழியே வெளியே வரும் வாய் அது. இரண்டு கதையிலும் ஒரு வில் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களும் கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ருசி என்பார்கள். நாக்கு இதில் கெட்டிக்காரத்தனமான கருவி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் ஆகிவிடும். கரைந்த உப்புகள் 500க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை. ஆறு குடம் சேர்ந்தால் அதையும் தாண்டிவிடும். அத்தனை மெல்லிய கோடு இது.

நாக்குக்கு அடுத்த கருவி அடுப்பு. எங்கள் பக்கம் பெண் கொடுக்கும் முன்பு "அந்த ஊர்த் தண்ணில பருப்பு வேகுமா?" என்று விசாரிப்பார்கள். "அந்தப் பருப்பு இங்க வேகாது" என்று யாரையாவது மிரட்டும்போது நாம் வேதியியல் பேசுகிறோம் என்பது நமக்கே தெரியாது. பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது இளக வேண்டும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமிருந்தால், அவை பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழுசாகவே கிடக்கும். கடல்நீரில் மக்னீசியம் தாராளம். பவளப்பாறைச் சுண்ணாம்பின் வழியே வரும் நீரில் கால்சியம் தாராளம். சோப்பு நுரைக்காததற்கும் இதே இரண்டு பேர்தான் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், காலுக்குக் கீழே உப்பில்லாத இந்த ஊரில் காற்று முழுக்க உப்பு. புது சைக்கிள் வாங்கி வெளியில் நிறுத்தினால் சில மாதங்களில் செயின் சிவந்துவிடும். 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அரித்ததும் இந்தக் காற்றுதான்.

வில்லை உடைவது இரண்டு விதம். ஒன்று மேலிருந்து. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி மேல் கடலே ஏறியது. அப்படிக் கடல் ஏறினால் கனமான உப்புநீர் மேலேயும் லேசான நல்ல தண்ணீர் கீழேயும் ஆகிவிடும், தலைகீழ் டம்ளர் மாதிரி. அது நிற்காது, உப்பு விரல் விரலாகக் கீழே இறங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகள் இப்படிக் கெட்டன. நல்ல எண்ணத்தில் மோட்டார் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். பல கிணறுகளில் உப்பு கூடத்தான் செய்தது. ஏன் என்பதற்கு எங்கள் மாமா வீட்டுக்குப் போக வேண்டும்.

தங்கச்சிமடத்தில் மாமா வீட்டில் பழைய உறைக்கிணறு ஒன்று உண்டு. பதினைந்து அடி, நல்ல தண்ணீர். வீட்டை ஒட்டி நான்கு அறை கட்டி வாடகைக்கு விட ஆரம்பித்ததும் தண்ணீர் போதவில்லை. போர் போட வந்தவர் "ஆழமாப் போனா நல்ல தண்ணி வரும் சார்" என்று சொல்லி 120 அடிக்கு இறக்கினார். மதுரையில் அது சரியாக இருந்திருக்கும். இங்கே முதல் வாளியிலேயே கடல் வந்தது. சரி, போனது போகட்டும் என்று மாமா பெரிய மோட்டாரைத் தூக்கிப் பழைய கிணற்றில் போட்டார். மூன்று வாரம் தொட்டி நிறைந்தது. நான்காவது வாரம் கிணறும் சவர்த்துப்போனது.

ஒன்றுக்கு நாற்பது நினைவிருக்கிறதா? அது திரும்பியும் வேலை செய்யும். கிணற்றில் நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலிருக்கும் உப்பு அதற்கு நேர்கீழே 40 அடி ஏறப் பார்க்கும். கூம்பு மாதிரி மேலெழுந்து வந்து மோட்டாரின் வாயைத் தொடும். படகிலிருந்து பாரத்தை இறக்கினால் அடிப்பாகம் மேலே வரும் அல்லவா, அதேதான். சுனாமிக் கிணறுகளில் நடந்ததும் இதுவே. சிரட்டையால் மொள்ளும்போது மட்டம் அரை அங்குலம்கூட இறங்காது. மொண்டதும் பக்கவாட்டிலிருந்து ஊறிவிடும். படுத்திருப்பவன் படுத்தே இருப்பான்.

மாமா கிணற்றை ஐந்து மாதம் தொடாமல் விட்டார். நடுவில் ஒரு நல்ல மழை. தை மாதம் பருப்பு வெந்தது என்று அத்தை போன் செய்தார். இப்போது சின்ன மோட்டார், காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். நான்கு அறைக்கும் குளிக்க, துவைக்க லாரித் தண்ணீர். அமாவாசைக் கூட்டத்தில் யாராவது கூடுதலாகப் பத்து நிமிஷம் மோட்டாரை ஓடவிட்டால், மறுநாள் காலைக் காபியில் அத்தை கண்டுபிடித்துவிடுவார்.