வலையில் ஏறிய பழைய பொருளை வெயிலில் போடாதீர்கள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கம் வலையில் நங்கூரத் துண்டோ சிப்பி படிந்த ஜாடியோ கறுத்த பலகையோ ஏறி வந்தால், கரையில் தூக்கிப் போட்டு, உளியால் சிப்பியைத் தட்டி, நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் விட்டுவிடுகிறார்கள். பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நூற்றாண்டுக் கணக்கில் கடல் விட்டுவைத்ததை ஒரு வார வெயில் முடித்துவிடும்.

நம் கரை பார்க்கத் தட்டையாக, சாதுவாக இருக்கும். முரடெல்லாம் தண்ணீருக்கு அடியில். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் (இரண்டு மூழ்கிவிட்டன), சுற்றிலும் பவளப் பார்கள். பாம்பனில் குறுகலான, ஆழமில்லாத வாய். தனுஷ்கோடிக்கு அப்பால் இடம் மாறும் மணல் திட்டுகள். இந்தக் கடலில்தான் காலங்காலமாகக் கப்பல் வந்திருக்கிறது. அழகன்குளம் அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது, பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. வந்ததெல்லாம் பத்திரமாகக் கரை சேர்ந்திருக்குமா என்ன?

மரத்தைச் சொல்கிறேன். சேற்றுக்கு வெளியே நிற்கும் மரத்தைக் கப்பல் புழு துளைத்துத் தின்றுவிடும். சேற்றில் புதைந்தது காற்றுப் படாததால் தப்பிக்கும். ஆனாலும் நுண்ணுயிர்கள் உள்ளிருந்து சத்தை மெதுவாக எடுத்துவிட, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பார்வைக்குப் பலகைதான், நகத்தால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கும். தண்ணீர் போனால் சுருங்கி, முறுக்கி, பிளந்துவிடும், அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. சுவீடனில் 1961இல் தூக்கிய 'வாசா' கப்பல் காய்ந்து வெடிக்காமல் இருக்க, ஒருவகை மெழுகுக் கரைசலை 17 வருஷம் அதன்மேல் தெளித்தார்கள்.

இரும்புக்கு எமன் உப்பு. உள்ளே ஊறிய உப்பு, காற்றுப் பட்டதும் வேலையைக் காட்டும். முழுசாகத் தெரிந்த பீரங்கிக் குண்டு சில மாதத்தில் ஏடு ஏடாக உரியும். பீங்கானிலும் உப்பு படிகமாகி மேல்பூச்சைத் தள்ளிவிடும்.

அதனால் பொருள் ஏறியதும் ஈரச் சாக்கைச் சுற்றி, கரைக்கு வந்ததும் பிளாஸ்டிக் தொட்டியில் கடல்தண்ணீர் விட்டு முக்கி, நிழலில் மூடிவையுங்கள். சிப்பியைச் சுரண்ட வேண்டாம், அதற்கடியில்தான் முத்திரையோ எழுத்தோ இருக்கும். ஏறிய இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் தெரியாத பொருள் பாதி ஊமை. மிச்சத்தை எடுக்கலாம் என்று மறுபடி முங்காதீர்கள். தீவுகளைச் சுற்றி இருப்பது தேசியப் பூங்கா, அங்கே அனுமதியில்லாமல் எதையும் எடுத்தால் வழக்கு வரும். வெடிகுண்டு மாதிரித் தெரிந்தால் தொடவே வேண்டாம், கடலோரக் காவல் 1093க்குச் சொல்லுங்கள்.

தகவல் சொன்னால் அலையவிடுவார்கள் என்று மீனவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வலை கிழிந்த நஷ்டத்தோடு ஆபீஸ் ஆபீஸாக யார் ஏறி இறங்குவது? அதனால் தனியாகப் போகாமல், ஊர்த் தலைவரையோ சங்கத்து ஆளையோ கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் அரசு அருங்காட்சியகத்திலோ கலெக்டர் அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து எடுத்துப்போகும்வரை தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.