ஏர் கன்னில் மாட்டிய லேசர்: ரவை படாமலே போகும் பார்வை

வட சென்னையில் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு, காற்றழுத்தத்தால் சிறு உலோக ரவையைச் சுடும் ஏர் கன்னால் வரும் காயம் புதிதல்ல. முன்பெல்லாம் ரவை பட்ட கண்தான் வரும். இப்போது ரவையே படாத கண்ணும் வருகிறது. இமை வீங்கியிருக்காது, சிவந்திருக்காது, வலியும் இராது. "படிக்கும்போது நடுவில் ஒரு எழுத்து மட்டும் மறைகிறது டாக்டர்" என்பார்கள். எதிரில் இருப்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. இரண்டு மூன்று முறை கேட்டால்தான், நண்பனின் துப்பாக்கியில் குறி பார்க்க மாட்டியிருந்த லேசர் பேச்சுக்கு வரும்.

"குண்டு போடவே இல்லை, லைட்டை மட்டும்தான் அடித்துப் பார்த்தார்கள்" என்று உடன் வந்த தாய் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு அந்த நிம்மதியைக் கலைப்பது என் வேலையாகிவிடுகிறது.

கண்ணுக்குள் நுழையும் லேசர் ஒளியைக் கருவிழியும் லென்ஸும் சேர்ந்து விழித்திரையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவாகக் குவிக்கின்றன. ஒளியை நேராகப் பார்த்தால் அது விழுகிற இடம் மாக்குலா. எழுத்தையும் முகத்தையும் அடையாளம் காட்டுகிற நடுப்பகுதி அதுதான். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுட்டாலும் உணர மாட்டோம். கூச்சம் வந்து இமை மூடக் கால் நொடி ஆகும். லேசர்களை அவற்றின் ஆபத்தை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட திறனுள்ள இரண்டாம் வகுப்பு லேசர் என்றால் அந்தக் கால் நொடி நம்மைக் காப்பாற்றிவிடும். 5 மில்லிவாட்டைத் தாண்டி 500 வரை போகும் '3பி' வகுப்பில், இமை மூடுவதற்குள் சேதம் நடந்துவிடலாம். யார் அதிக நேரம் இமைக்காமல் பார்ப்பது என்று பையன்கள் பந்தயம் கட்டினால் அந்த இரண்டாம் வகுப்பும்கூடக் காவல் இல்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். 5 மில்லிவாட் என்று போட்டுக்கொண்டு அதைவிடப் பல மடங்கு வீரியத்தோடு வரும் மலிவுக் கருவிகள் உண்டு. பச்சை லேசரில் இன்னொரு சங்கடம். மலிவான பல கருவிகளில் உள்ளே பிறப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைப் படிகங்களின் வழியே செலுத்தி 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறார்கள். மிச்சத்தை வடிகட்டும் கண்ணாடியை விட்டுவிட்டால் அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியேறும். அது தெரியாது என்பதால் இமையும் மூடாது.

சென்னை வெயிலில் சிவப்புப் புள்ளி இருபது மீட்டருக்கு அப்பால் சரியாகத் தெரிவதில்லை. எனவே ஒன்று, பளிச்சென்று தெரியும் பச்சையை வாங்குகிறார்கள். அல்லது பொழுது சாயும்வரை காத்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் பாவை விரிந்திருக்கும், உள்ளே போகும் ஒளியும் கூடும். ஆபத்தான நேரத்தைத் தேடிப்போய்ப் பிடிக்கிறோம்.

இவ்வளவுக்கும் அந்தப் புள்ளியால் குறி திருந்துகிறதா? லேசர் நேர்கோட்டில் போகும், ரவை விழுந்துகொண்டே போகும். நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் கிளம்பும் ரவை 10 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் போல இறங்கும். 25 மீட்டரில் பத்து சென்டிமீட்டருக்கு மேல். 40 மீட்டரில் ஏறக்குறைய ஓர் அடி. ஆகவே சரிசெய்து வைத்த தூரம் போல ஒன்றிரண்டு இடங்களில் மட்டும்தான் புள்ளியும் ரவையும் சந்திக்கும். மற்ற இடங்களில் புள்ளி சொல்வது பொய்.

தூரமானி வேறு சங்கதி. அதுவும் லேசர்தான் என்று பயந்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அகச்சிவப்புத் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் கருவி அது. முறையாகத் தயாரானவை பெரும்பாலும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை, வழக்கமான பயன்பாட்டில் கண்ணுக்குத் தீங்கில்லாதவை. தூரம் தெரிந்து, ஸ்கோப்பில் (துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியில்) எவ்வளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று பழகியவருக்கு லேசர் புள்ளியால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் லேசரும் கிடையாது, ஸ்கோப்பும் கிடையாது. அங்கே பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்.

பெட்டியில் 'வேட்டைக்கு' என்று எழுதியிருக்கும். எந்த வேட்டைக்கு? 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. காசிமேட்டில் மீன் உலர்த்தும் இடத்தில் காக்கையை விரட்டத்தானே என்பார்கள். வேட்டைத் தடையிலிருந்து விலக்குப் பெற்ற 'தீங்குயிர்' அட்டவணையில் முன்பு காக்கை இருந்தது. அந்த அட்டவணையே 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. குறைந்த திறன் ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது, எதையும் சுடலாம் என்ற அனுமதி ஆகாது.

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுச் சுவர் ஆரம்பிக்கிறது. குறி தவறினால் ரவையைத் தாங்கிக்கொள்ள மண்மேடு கிடையாது. லேசரோ எவர்சில்வர் குடத்திலும் ஜன்னல் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி, துப்பாக்கியைப் பார்த்தே இராத ஒருவரின் கண்ணுக்குப் போய்விடும்.

ரவை கண்ணில் பட்டிருந்தால் கசக்காதீர்கள், கழுவாதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணில் அழுத்தாமல், சுற்றியுள்ள எலும்பில் பதியும்படி வைத்து ஒட்டி, உடனே கிளம்புங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. நம் பகுதியிலிருந்து தூரமும் அதிகமில்லை. உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று தெரியும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கூடாது. அதன் காந்தத்தில் ஈய ரவை அசையாது, எஃகுக் குண்டு அசையும். சி.டி. ஸ்கேன் எடுப்பவரிடம் ஏர் கன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து 'கல் பட்டது' என்று சொல்பவர்களால் நேரம்தான் வீணாகிறது.

லேசர் என்று சந்தேகம் வந்தால், கணக்கு நோட்டின் கட்டம் போட்ட பக்கத்தை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். கோடு வளைந்தாலோ நடுவில் கட்டம் காணாமல் போனாலோ அன்றே வாருங்கள். சில வாரங்களில் தானாகத் தேறியவர்களும் உண்டு, அந்தக் கரும்புள்ளியோடே வாழ்பவர்களும் உண்டு. இதைக் கட்டாயம் குணப்படுத்தும் என்று நிரூபணமான மருந்து இல்லை. வரும்போது அந்த லேசரையும் கொண்டுவாருங்கள். அதன் நிறமும் அதில் ஒட்டிய சீட்டும் எனக்கு உதவும். பேட்டரியை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.