எர்த் போட்டா மட்டும் போதாதுங்க

திருப்பூர் பக்கம் ஒரு பாலிபேக் பிரிண்டிங் யூனிட்டில் மறுபடியும் தீ. பிளாஸ்டிக் பக்கெட்டில் டொலுயீன் (இங்க்கைக் கரைக்கிற, சட்டென்று பற்றிக்கொள்ளும் சால்வென்ட்) ஊற்றிக்கொண்டிருந்த பையன் இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஓனர் முதலில் சொன்னதே, “மெஷினுக்கெல்லாம் எர்த் போட்டாச்சுங்க சார்” என்பதுதான். அளந்து பார்த்தேன், எர்த்தில் குறையே இல்லை. ஆனால் தீ பிடித்தது மெஷினில் இல்லையே!

சேஃப்டி ஆடிட் போகிற இடமெல்லாம் இதே பதில். உரசலில் ஏறும் மின்னூட்டம் (ஸ்டாட்டிக் சார்ஜ்) எர்த் கம்பியில் இறங்க, முதலில் அது நகர வேண்டும். இரும்பில் நகரும். பிளாஸ்டிக்கில் நகராது, உரசிய இடத்திலேயே நிற்கும். ரோலரின் எர்த் ரோலரில் இருப்பதை மட்டும்தான் இறக்கும். அதில் ஓடும் பிளாஸ்டிக் ஃபிலிமில் ஏறியது ஃபிலிமோடுதான் போகும். பிளாஸ்டிக் பக்கெட்டில் எத்தனை கம்பி சுற்றினாலும் பிரயோஜனமில்லை.

“சுருக்குன்னு அடிக்கும், அவ்வளவுதானுங்க” என்பார்கள். அந்தச் சுருக் தெரிவதற்கே உடம்பில் 3,000 வோல்ட் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். 10,000 வோல்ட் ஏறிய ஆளிடம் 5 முதல் 10 மில்லிஜூல் ஆற்றல் இருக்கும். டொலுயீன் ஆவி காற்றோடு சரியாகக் கலந்திருந்தால் பற்றிக்கொள்ள கால் மில்லிஜூலே போதும்.

மீட்டர் இல்லையா? ஓடுகிற ஃபிலிமுக்குக் கொஞ்சம் தள்ளிப் புறங்கையைக் காட்டுங்கள். ரோமம் எழுந்து நின்றால் சார்ஜ் இருக்கிறது. 1785இல் பிரெஞ்சு விஞ்ஞானி கூலோம் அளந்து சொன்ன விசைதான் இது. இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவே தூரம் பாதியானால் இழுவை நாலு மடங்கு. மாசி, பங்குனி வறட்சியில் இன்னும் மோசம். பாலியெஸ்டர் ஓட்டும் மில்காரர்கள் ஸ்லைவர் (நூலாக நூற்பதற்கு முந்தைய இழைத்திரி) ரோலரில் சுற்றாமல் இருக்க ஈரப்பதத்தை விடாமல் கவனிப்பார்கள். நூலுக்குக் காட்டும் அக்கறையை ஆளுக்கும் காட்டக் கூடாதா?

சால்வென்ட்டுக்கு மூடியுள்ள இரும்பு கேன் மட்டும். பேரலையும் கேனையும் கம்பியால் இணைத்து, எர்த்தோடும் சேர்த்த பிறகே திறக்க வேண்டும். கிளிப் பெயின்ட் மேல் நின்றால் வீண், சுரண்டிவிட்டு வெறும் இரும்பில் கடிக்க வையுங்கள். உயரத்திலிருந்து ஊற்றாதீர்கள். ஃபிலிம் ரோலரை விட்டுப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், ஃபிலிமைத் தொடாமல் செம்பு டின்சல் (மெல்லிய செம்பு இழைச் சரம்) கட்டி எர்த் கொடுங்கள். சார்ஜ் காற்று வழியாக அதில் இறங்கும். பவர் பார் (கரண்டில் ஓடி சார்ஜை நீக்கும் பட்டை) வைப்பதானால் சால்வென்ட் ஆவி உள்ள இடத்துக்கென்று சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

இங்க் ரூமில் ஹவாய் செருப்பும் பாலியெஸ்டர் சட்டையும் வேண்டவே வேண்டாம். ஆன்டி-ஸ்டாட்டிக் ஷூவும் காட்டன் சட்டையும் ஓனரே வாங்கிக் கொடுங்கள். நாள்கூலிக்கு வரும் பையன் தானாக வாங்க மாட்டான். தயவுசெய்து இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.