முதுகு வளைவு: குனியச் சொல்லிப் பாருங்கள்

ஒரு தோள் தூக்கி நிற்கிறது, சுரிதார் ஒரு பக்கம் இறங்குகிறது. தைத்தவரைத் திட்டும் முன் பிள்ளையின் முதுகைப் பாருங்கள். வளரும் வயதில் வரும் ஸ்கோலியோசிஸ் என்ற பக்கவாட்டு வளைவு பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே தாமதமாகக் கண்ணில் படுகிறது. புத்தகப் பையின் மேல் பழி போடாதீர்கள், அது காரணமல்ல.

முதுகு தெரியும்படி, கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நிற்கட்டும். உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு, முதுகு தரைக்கு இணையாகும்வரை மெல்லக் குனியட்டும். பின்னால் உட்கார்ந்து, முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் சந்தேகம்தான். முதுகுத்தண்டு வளையும்போது கூடவே திருகுகிறது. திருகும் எலும்பு விலாவையும் தள்ளிவிடுகிறது. ஒரு கால் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சாய்ந்து வளைவு போலக் காட்டும். உட்கார வைத்துக் குனியச் சொன்னால் அந்த வளைவு மறைந்துவிடும்.

எக்ஸ்ரேயை நிற்க வைத்து, கழுத்து முதல் இடுப்பெலும்பு வரை ஒரே படமாக எடுக்க வேண்டும். படுக்க வைத்தால் வளைவு குறைந்து தெரியும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வந்தால் மார்பகத்தில் படுவது குறைவு. பெண்பிள்ளைகளுக்கு இதைக் கேட்டே வாங்குங்கள். வளைவின் மேலும் கீழும் அதிகம் சாய்ந்த இரு எலும்புகளை வைத்து அளப்பது காப் கோணம். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்று சொல்வதில்லை. அளப்பதிலேயே 5 டிகிரி வரை பிசகும். போன தடவை 18, இப்போது 21 என்றால் கலங்க வேண்டாம்.

கோணத்தைவிட முக்கியம், இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பது. அதே 22 டிகிரி, பூப்படையாத 11 வயதுச் சிறுமிக்கு ஆபத்து. வளர்ந்து முடிந்த 17 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதனால் இடுப்பெலும்பின் ஓரத்தில் எலும்பு எந்த அளவு கூடியிருக்கிறது என்றும் படத்தில் பார்ப்போம். வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி என்றால் பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் தடுக்க உடலைச் சுற்றி மாட்டும் கவசம். 2013இல் வெளியான அமெரிக்க-கனடா ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. அதிக மணி நேரம் போட்டவர்களுக்கே அதிகப் பலன். பள்ளிக்குக் கழற்றிவிட்டு இரவில் சில மணி நேரம் மட்டும் மாட்டுவது போதாது. 50 டிகிரியைத் தாண்டினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும்.

நெஞ்சுப் பகுதி வளைவு இடப்பக்கம் புடைத்தாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, கால் தளர்ந்தாலோ, இடுப்புக்கு மேல் முதுகில் முடிக்கற்றை இருந்தாலோ எம்.ஆர்.ஐ. தேவை.

கூன் வேறு கதை. குப்புறப் படுத்து நிமிர்ந்ததும் மறைந்தால் உட்காரும் பழக்கம்தான். ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகத் துருத்தி, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அங்கே மசாஜுக்கும் பெல்ட்டுக்கும் வேலையில்லை; உடனே மருத்துவமனை.