நுண் கடல் நத்தைகள்: நுனியை உடைத்துவிட்டுப் பெயர் கேட்காதீர்கள்

கொழும்பை அடுத்த கல்கிசை, தெஹிவளைக் கரையோரங்களில் அலை ஒதுக்கும் சிப்பித்தூளிலிருந்து பொறுக்கிய, ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைந்த நத்தை ஓடுகளின் கைப்பேசிப் படங்களை மாணவர்களும் சேகரிப்பாளர்களும் அனுப்பி, இனத்தைச் சொல்லுமாறு கேட்கிறார்கள். ஆர்வம் வரவேற்கத்தக்கதே. ஆனால் பெரும்பாலான படங்களில் நிறமும் பருமனும் தெரிகின்றனவேயன்றி, வகைப்படுத்தலுக்கு இன்றியமையாத நுனி தெரிவதில்லை.

ஓட்டின் உச்சியிலுள்ள முதற் சுருள்கள், நத்தை குடம்பியாக, அதாவது இளம்பருவ உயிராக, இருந்தபோதே உருவானவை. அவை பலவாகவும் ஒடுங்கியும் இருந்தால் குடம்பி கடலில் மிதந்து இரையுண்டு வளர்ந்தது என்றும், ஓரிரண்டாகவும் பருத்தும் இருந்தால் முட்டையின் கருவுணவிலேயே வளர்ந்தது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். பிற உயிர்களின் உடற்சாற்றை உறிஞ்சி வாழும் பிரமிடெல்லிடே குடும்பத்தில் இக்குடம்பி ஓடு எதிர்த்திசையில் சுருண்டு, பின்னர் வளர்ந்த ஓட்டின்மேல் சாய்ந்து கிடக்கும். கடல் முயல்களும் நிலநத்தைகளும் அடங்கும் ஹெட்டரோபிராங்கியாப் பிரிவில் அக்குடும்பம் இன்று வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு சான்று. நுனி உடைந்தால் அச்சான்று போய்விடும். எஞ்சுவது எத்தனையோ குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கூம்பு மட்டுமே.

சுருளும் திசையும் அவ்வளவு முக்கியம். கடற்பஞ்சுகளை உண்ணும் டிரைபோரிடே, செரித்தியோப்சிடே ஆகிய இரு குடும்பங்களும் மணி கோத்தாற்போன்ற வரிகளுடன் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. நுனியை மேலே வைத்து வாய்த்துளையை நம்மை நோக்கித் திருப்பினால், முந்தியதில் பெரும்பாலானவற்றுக்கு, கோயில்களில் போற்றப்படும் அரிய வலம்புரிச் சங்கைப் போலவே (பெயரில் ‘வலம்’ இருந்தாலும்), வாய் இடப்பக்கம் இருக்கும், பிந்தியதில் வலப்பக்கம். கைப்பேசியின் முன்கமெரா படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிச் சேமித்தால் குடும்பமே மாறிவிடும்.

சிறியதெல்லாம் நுண்ணினமும் அன்று. சோகியின் குஞ்சு மெல்லிய உதட்டுடன் (வாய்த்துளையின் விளிம்பு) வேறொரு நத்தையாகவே தோன்றும். வெளி உதடு தடித்திருக்கிறதா, சுருள்கள் சுற்றியமைந்த நடுத்தண்டில் மடிப்புகள் உள்ளனவா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்த பின்னரே முதிர்ந்த ஓடா என முடிவு செய்ய வேண்டும்.

நுனி உடையாதிருக்க, இடுக்கியைத் தவிர்த்து, ஓடுகளை ஈரத் தூரிகையால் எடுங்கள். மரப்பெட்டியும் மட்டைப்பெட்டியும் வெளிவிடும் அமில ஆவி, கொழும்பின் ஈரக்காற்றில் ஓட்டின் சுண்ணாம்பை அரித்து வெண்பூச்சாக்கிவிடும். மூடிய சிறு கண்ணாடிக் குழாயே பாதுகாப்பு. அதற்குள் இடமும் திகதியும் பென்சிலால் எழுதிய துண்டுத்தாளையும் இடுங்கள்.